கயிலையிலிருந்து ஒரு வார்த்தை

காத்மாண்டு வழியாகக் கயிலைக்குப் போகும் யாத்ரிகர்கள் ரசுவாகடியில் எல்லைப் பாலத்தைக் கடந்து கேருங் பக்கம் சேர்ந்ததும், கைபேசியின் கடிகாரம் தானாகவே இரண்டேகால் மணி நேரம் முன்னால் ஓடிவிடும். நேபாள நேரம் நம் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முந்தியது, சீன நேரம் இரண்டரை மணி முந்தியது. அத்தனை பெரிய நாடு முழுவதற்கும் பெய்ஜிங் நேரம் ஒன்றுதான். ஆனால் கயிலை இருப்பது ஏறத்தாழ 81 பாகை தீர்க்கரேகையில். சென்னை இருப்பது 80 பாகையில். சென்னையிலிருந்து நேர் வடக்கே ஏறத்தாழ 1,950 கிலோமீட்டர் கோடு இழுத்தால், மானசரோவரத்துக்குச் சற்று மேற்கே போய் நிற்கும். அதனால் அந்த ஏரிக்கரையில் சூரியன் உச்சிக்கு வரும் வேளை, நம் ஊர்க் கோயில்களில் உச்சிக்கால மணி அடிக்கும் வேளைதான். யாத்ரிகரின் கைபேசி மட்டும் மத்தியானம் இரண்டரை என்று காட்டிக்கொண்டிருக்கும்.

பெரியம்மா கயிலைக்குப் போயிருந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் அங்கே இப்போது என்ன மணி என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் விழுந்த வெயிலைப் பார்த்தாலே போதும் என்று எனக்குத் தோன்றியது. அவர் தலையிலும் அதே வெயில்தான். அரசாங்கங்கள் வகுத்த நேரம் ஒன்று, ஆகாயம் வகுத்த நேரம் ஒன்று. தூரம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்ற கேள்வி அப்போதுதான் எனக்குள் இறங்கியது.

வெளிநாட்டில் இருப்பவர் வீட்டோடு பேசுவதை வெறும் வசதி என்றே பார்த்துப் பழகிவிட்டோம். புறப்படும் முன் ரோமிங் பேக் போட வேண்டும், வங்கி அனுப்பும் ஓடிபி வந்துசேர சிம் உயிரோடு இருக்க வேண்டும் என்ற கவலைகளோடு அது முடிந்துவிடுகிறது. அந்தக் கவலைகள் நியாயமானவை. ஆனால் அந்தத் தொடர்பின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்த்தால் மனம் அடங்கிப்போகிறது.

அந்நிய மண்ணில் கைபேசியைத் திறந்ததும் அங்குள்ள நெட்வொர்க், நம் ஊர் நெட்வொர்க்கிடம் இவர் உங்களைச் சேர்ந்தவர்தானா என்று விசாரிக்கிறது. நம் சிம்முக்குள் 128 பிட் நீளமுள்ள ரகசிய எண் ஒன்று பதிந்திருக்கிறது. அதன் இன்னொரு பிரதி வீட்டு நெட்வொர்க்கிடம் மட்டுமே உண்டு. அந்த எண் ஒருநாளும் சிம்மை விட்டு வெளியே போவதில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வருகிறது, முன்பின் வராத ஒரு எண். சிம் தன் ரகசியத்தைக் கொண்டு அதற்கு விடை கணக்கிட்டுச் சொல்கிறது. வீட்டிலிருந்து வந்த விடையும் இதுவும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். ரகசியம் சொல்லப்படாமலே நிரூபணமாகிறது.

தீட்சை பெற்றவர்கள் உபதேச மந்திரத்தை வெளியே சொல்வதில்லை. பெரியம்மாவும் அறுபது வயது தாண்டித் தீட்சை வாங்கியவர். அவருக்குக் கிடைத்த எழுத்துகள் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் சோதனை வரும்போது அவர் நிற்கிற விதத்தில் அது தெரியும். வாழ்க்கை ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கேள்வியைப் போடுகிறது. உள்ளே இருப்பது உள்ளேயே இருக்க, விடை மட்டும் வெளியே வருகிறது.

இன்னொன்று. சீனாவில் கூகுள், யூடியூப், ஃபேஸ்புக் எதுவும் திறக்காது, வாட்ஸ்அப்பும் அப்படியே. அங்கே எல்லோரும் பேசிக்கொள்ளும் வீசாட்டை இந்தியா 2020 ஜூனில் தடைசெய்துவிட்டது. விடுதியின் வைஃபையில் இணைந்துகொண்டு வீட்டுக்குச் செய்தி அனுப்ப முயல்பவர் திகைத்துப்போவார். நம் ஊர் சிம்மில் ரோமிங்கோடு போனவருக்கோ வாட்ஸ்அப் பெரும்பாலும் திறந்துவிடும். காரணம், ரோமிங்கில் இணையம் வழக்கமாக நடக்கும் முறை அது. அங்குள்ள டவர் நம் தரவை வாங்கி, அங்கேயே உலகத்துக்குள் விடுவதில்லை. மூடிய ஒரு பாதை வழியாக நம் வீட்டு நெட்வொர்க்கிடம் அனுப்புகிறது. அங்கிருந்துதான் அது உலகுக்குள் இறங்குகிறது. பக்கத்து அறையில் இருக்கும் சக யாத்ரிகருக்கு ஒரு படம் அனுப்பினாலும் அது இந்தியா வரைக்கும் வந்துதான் திரும்பிப்போகும்.

இதை அறிந்தபோது எனக்கு அப்பர் நினைவு வந்தார். காளத்தி, பருப்பதம், காசி என்று வடக்கே போனவர் அவர். காசியில் உடன் வந்தவர்களை நிறுத்திவிட்டுத் தனியே நடந்தார். கால் தேய்ந்தபின் கையால் ஊன்றிப் போனார், கை தேய்ந்தபின் மார்பால் தவழ்ந்தார், அதுவும் முடியாமல் புரண்டார். முனிவராக எதிரே வந்த இறைவன் திரும்பிப் போகச் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில், அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொன்னது ஒரு குரல். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். வடக்கே தேடிப் போன காட்சியைக் காவிரிக் கரையில், சோடி சோடியாக வந்த உயிர்களில் கண்டார். ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அதைக் கொண்டாடுகிறார்கள். கம்பியில் நடப்பதும் அருளில் நடப்பதும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். அப்பர் கொடுத்த விலை அவர் உடம்பு. நாம் கொடுப்பது ஒரு ரீசார்ஜ். ஆனாலும் தொலைவைப் பற்றிய என் எண்ணத்தை இரண்டும் ஒரே திசையில் திருப்பிவிட்டன. எவ்வளவு தூரம் போனாலும் வழி வீட்டின் வழியாகத்தான் போகிறது.

பையில் சும்மா கிடக்கும் கைபேசி என்ன செய்துகொண்டிருக்கிறது? பெரும்பாலும் உறங்குகிறது. குறித்த இடைவெளியில், பல நெட்வொர்க்குகளில் 1.28 விநாடிக்கு ஒருமுறை, கண் விழித்துத் தனக்கு அழைப்பு உண்டா என்று கேட்டுப் பார்க்கிறது. இல்லையென்றால் மறுபடி உறக்கம். யாத்திரை முழுவதும், பகலும் இரவும், யாரும் கவனிக்காமல் இது நடந்துகொண்டே இருக்கிறது. இந்த உறக்கம் இருப்பதால்தான் சார்ஜ் நிற்கிறது. இந்த விழிப்பு இருப்பதால்தான் அழைப்பு வந்துசேர்கிறது. ஒரு சொல்லும் பரிமாறாத அந்த நேரம் முழுவதும் அது தொடர்பில்தான் இருக்கிறது.

நாமஜபம் செய்து பழகியவர்களுக்கு இது புதிதாக இராது. நாள் முழுவதும் நாமம் உதட்டில் இருப்பதில்லை. சமையல் இருக்கிறது, கடை இருக்கிறது, பஸ் பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது. நடுநடுவே மனம் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறது. அந்த ஒரு கணம் தவறாமல் இருந்தால் போதும், மற்ற நேரமும் அதில் சேர்ந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாமோ தொடர்பு என்றால் பேச்சு என்று எடுத்துக்கொண்டோம். பேச்சு நின்றால் தொடர்பு அறுந்தது என்று பயப்படுகிறோம்.

அந்தப் பயம்தான் மானசரோவரக் கரையில் வீடியோ காலாக வந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 4,590 மீட்டர் உயரத்தில், வாழ்நாளெல்லாம் நினைத்திருந்த மலை முதல்முறை மேகம் விலகித் தெரியும்போது, முதுகை அதற்குக் காட்டிக்கொண்டு திரையில் முகம் தெரிகிறதா என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் தரிசனத்தின்போது கைபேசி பைக்குள்ளேயே இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். நம் கண் இன்னும் பார்த்து முடிக்காத ஒன்றை இன்னொருவர் கண்ணுக்கு எடுத்துக் கொடுக்க முடியாது.

ஆனால் பெரியப்பாவின் விஷயம் வேறு. கயிலைக்குப் போக வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவர் அவர்தான். பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருந்ததாலும், அவரே பிடிவாதமாகச் சொன்னதாலும்தான் பெரியம்மா போனார். தார்ச்சென் ஊரிலிருந்து பெரியம்மா ஒரு நிமிடம் மலையைத் திரையில் காட்டினார். குளிரில் அவர் கை நடுங்கியதால் மலையும் நடுங்கியது. “தெரியுதாங்க?” என்று கேட்டார். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. இயங்கும் ஒரு கையை மட்டும் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். அதற்கு இணையான பூஜையை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை.

கயிலை வலம் ஏறத்தாழ 52 கிலோமீட்டர், வழக்கமாக மூன்று நாள் நடை. யமத்வார் என்று யாத்ரிகர்கள் சொல்லும் யமவாசலில் புகுந்து அது தொடங்குகிறது. இரண்டாம் நாள்தான் கடினம். திராபுக்கிலிருந்து சுத்துல்புக்குக்குச் சுமார் 22 கிலோமீட்டர். நடுவே 5,630 மீட்டர் உயரத்தில் தோல்மா கணவாய். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். கணவாய்க்குச் சற்று முன்னால் சிவத்சால் என்ற இடத்தில், உடுத்திய துணி ஒன்றையோ ஒரு கற்றை முடியையோ விட்டுவிட்டுப் போகிறார்கள். அதுவரை வாழ்ந்த வாழ்வை அங்கே முடித்துக்கொள்வதாக ஐதீகம். கணவாயைத் தாண்டி இறங்குகிறவர் புதிதாய்ப் பிறந்தவர்.

அப்படிப்பட்ட இடத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். சிக்னல் இல்லாத இடத்தில் கைபேசி ஓயாமல் தேடும். தேடித் தேடியே சார்ஜ் தீர்ந்துபோகும். குளிர் வேறு பேட்டரியின் பலத்தைக் குறைத்துவிடும். அதனால் அனுபவப்பட்டவர்கள் ஏரோப்ளேன் மோடில் போட்டு, உடம்புச் சூடு படும்படி உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். தேடுவதை நிறுத்திய கைபேசிதான் மறுநாள் பேச உதவும்.

முதல் நாள் இரவு பெரியம்மா பேசியபோது, “நாளைக்கு நான் பேச மாட்டேன் தம்பி. நீயும் கூப்பிடாதே. சாயங்காலம் விளக்கு மட்டும் ஏத்தி வை” என்றார். அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டுப் போனது பெரிய கருணை என்று இப்போதும் நினைக்கிறேன். சொல்லாமல் போயிருந்தால் அன்று முழுவதும் எத்தனை கற்பனை செய்திருப்போம்! மூச்சு முட்டியிருக்குமோ, கால் வழுக்கியிருக்குமோ என்று போனைப் பார்த்துப் பார்த்தே பொழுது போயிருக்கும். வெளிநாடு போகிறவர்கள் எத்தனை ஜிபி தேவை என்று கணக்குப் பார்க்கிறார்கள். எந்த நாளில் எந்த நேரத்தில் பேச மாட்டேன் என்பதையும் சொல்லிவிட்டுப் போகலாம்; வீட்டில் இருப்பவர்களுக்கு அது தைரியம்.

அன்று மாலை விளக்கேற்றினோம். யாரும் அதிகம் பேசவில்லை. அவர் உட்காரும் மணை, அவர் மடித்து வைத்த புடவைகள், அவர் கைப்பட எழுதிய மளிகைச் சீட்டு எல்லாம் கண்ணில் பட்டன. அத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் அவரை அவ்வளவு முழுமையாக நினைத்தது அன்றுதான். போன் மணி அடித்திருந்தால் அந்த நினைப்பு நாலு வார்த்தையில் செலவாகியிருக்கும். போகிறவர் அந்தக் கணவாயில் எதையோ விட்டுவிட்டு வருகிறார் என்றால், காத்திருப்பவரும் ஒன்றை விட வேண்டியிருக்கிறது. அவர் எந்த நிமிடமும் நம் கைக்கு எட்டியவராக இருக்க வேண்டும் என்ற பிடியை விடுவது எளிதாக இல்லை.

தோல்மா கணவாய் முழுவதும் மந்திரம் அச்சிட்ட வண்ணத் துணிக்கொடிகள். காற்று அவற்றைத் தொட்டுப் போகும் இடமெல்லாம் வேண்டுதல் போய்ச் சேரும் என்பது திபெத்தியரின் நம்பிக்கை. கட்டியவர் பெயர் அதில் இல்லாமலும் இருக்கலாம். கட்டிவிட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள், பதிலுக்கு நிற்பதில்லை.

யாத்திரை போகிறவர் வீட்டை மறந்தால்தான் யாத்திரை என்று சிலர் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். சைவ மரபில் அதற்கு ஆதரவு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சுந்தரரைப் பாருங்கள். திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானையில் ஏறிக் கயிலைக்குப் போகிறார். திரும்பி வரப்போவதில்லை. அப்படிப் போகும்போதும் தோழர் சேரமான் பெருமாளை நினைக்கிறார். நினைத்ததை அறிந்து சேரமான் குதிரையில் ஏறிவிடுகிறார். வழியில் பாடிய பதிகத்தைச் சுந்தரர் கடலரசனான வருணனிடம் ஒப்படைக்கிறார். அவன் அதைத் திருவஞ்சைக்களத்தில் சேர்க்கிறான் என்கிறது பெரியபுராணம். மலைக்குப் போனவரின் சொல் கடல் வழியாக வீடு திரும்பியது. திபெத்திலிருந்து இன்று நம் வீட்டுக்கு வரும் குரலும் பெரும்பாலும் கடலடிக் கேபிள்களில் ஒளியாகவே வருகிறது. சிங்கப்பூரையும் சென்னையையும் இணைக்கும் அப்படியொரு கேபிள் 2002-இல் இயங்கத் தொடங்கியது.

கயிலை வாசலில் சுந்தரருக்கு வழி கிடைத்தது. சேரமானைத் தடுத்து நிறுத்திவிட்டார்கள். எல்லாம் துறந்து இறைவன் முன் போய் நின்ற சுந்தரர், சேரமான் வாசலில் நிற்பதை அங்கே விண்ணப்பிக்கிறார். பற்று என்று இறைவன் அதை ஒதுக்கவில்லை. சேரமானை உள்ளே அழைத்தான். உள்ளே வந்த சேரமான் தாம் பாடிய திருக்கயிலாய ஞான உலாவைச் சந்நிதியில் கேட்பித்தார். அதை அங்கே கேட்ட மாசாத்தனார் பூமிக்குக் கொண்டுவந்து திருப்பிடவூரில் வெளியிட்டார். இன்று அந்த ஊருக்குத் திருப்பட்டூர் என்று பெயர். திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் சிறுகனூரில் பிரிந்து உள்ளே போக வேண்டும்.