கட்டி வைத்த படகும் ஆடும்

இரவு இரண்டு மணிக்கு மேல் திருவொற்றியூர் அடங்கிவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அடங்காது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும். முன்னால் நிற்கும் வண்டி பத்தடி நகர்ந்தால், பின்னால் நிற்பவை எல்லாம் ஒவ்வொன்றாகப் பெருமூச்சு விட்டு நகரும். சாலைக்கு அந்தப் பக்கம் கருங்கற்களில் மோதும் கடல். இந்த இரண்டு ஓசைகளோடும்தான் நான் வளர்ந்தேன். அவற்றால் ஒரு நாளும் என் தூக்கம் கெட்டதில்லை. தூக்கத்தைக் கெடுத்தது என் காதுக்குள்ளேயே பிறந்த மூன்றாவது ஓசை.

இருபத்தாறு வருடம் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தேன். தகட்டின் மேல் இயந்திரம் ஒரு தட்டு தட்டினால் காலடியில் தரை அதிரும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகள் சொல்லும் மேல் எல்லை. அந்த எல்லைக்கு உள்ளே இருந்தோமா, வெளியே இருந்தோமா என்று அந்த வயதில் நாங்கள் கேட்டதில்லை. பக்கத்தில் நிற்பவனிடம் பேச வேண்டுமென்றால் அவன் காதில் வாயை வைத்துக் கத்துவோம். அதுவே பழகிவிட்டது.

வேலையை விட்டு வந்த முதல் மாதத்திலேயே அது தொடங்கியது. மழைக்காலத்து இரவில் சுவர்க்கோழி கத்துமே, அதைப் போல ஒரு மெல்லிய கூர்மையான கீச்சொலி. பகலில் தெரியாது. விளக்கை அணைத்துத் தலையணையில் தலை வைத்ததும் கிளம்பிவிடும். அதைத் தொடர்ந்து மகளின் கடன், அப்பாவின் கடைசி நாட்கள், என்றோ ஒருவரிடம் சொன்ன கடுஞ்சொல் என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும், சாலையில் நிற்கும் லாரிகளைப் போல.

காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பொறுமையாகச் சோதித்துவிட்டுச் சொன்னார்: “இந்த இரைச்சலை அப்படியே நிறுத்த மருந்து இல்லைங்க. அது எப்ப போகும், எப்ப போகும்னு அதையே கவனிச்சா இன்னும் பெருசாத் தெரியும். மனசுக்குப் பிடிச்ச வேற ஒரு சத்தத்தைக் குடுங்க.”

வேறு ஒரு சத்தம். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துப் பார்த்தேன். வானொலியைத் தாழ்வாக வைத்துப் பார்த்தேன். காது கொஞ்சம் ஒத்துக்கொண்டது. மனம் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில் விடிகாலையில் எழுந்து கடலோரம் நடக்கப் போவேன். நடை முடிகிற இடம் பட்டினத்தார் சமாதி. எல்லாவற்றையும் துறந்து ஊர் ஊராய் நடந்தவர் கடைசியில் வந்து அடங்கிய இடம் என்று எங்கள் ஊர் நம்புகிற சிறு கோயில். அங்கே தினமும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். துறைமுகத்தில் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் மாலை இருக்காது. வலது கைக் கட்டைவிரல் மட்டும் மற்ற நான்கு விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். விரலுக்கு மூன்று கணு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டு முடிந்ததும் இடது கையில் ஒரு விரல் மடங்கும். இப்படி ஒன்பது சுற்று வந்தால் நூற்றெட்டு. கயிறும் இரும்பும் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன அந்தக் கட்டைவிரல், ஒவ்வொரு கணுவிலும் ஒரு கணம் நின்று நகர்வதை நான் பல நாள் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். “ஐயா, உக்காந்தா மனசு நிக்குதா உங்களுக்கு? எனக்கு அஞ்சு தடவ சொல்றதுக்குள்ள எங்கயோ போயிடுது.”

அவர் சிரித்தார். “போவட்டும் தம்பி. இன்னா இப்போ? எனக்கும்தான் போவுது. கட்டி வச்ச போட்டும் ஆடும். அலை இருந்தா ஆடத்தான் செய்யும். ஆனா போவாது. கயிறு இஸ்துக்கும்.”

அவர் சொன்னது அவ்வளவுதான். காசிமேட்டில் கரையோரம் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளை ஆயிரம் முறை பார்த்தவன் நான். ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு, ஏறி இறங்கி, கயிறு விறைத்துத் தளர்ந்து மறுபடி விறைப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்தப் படகும் அசையாமல் நிற்பதில்லை. அசைகிறது என்பதற்காகக் கட்டவில்லை என்று யாரும் சொல்வதுமில்லை.

அன்றிலிருந்து நானும் ஐந்தெழுத்தைப் பிடித்துக்கொண்டேன். முதலில் வாய்விட்டு, பிறகு உதடு மட்டும் அசைய, பிறகு உள்ளுக்குள். வாசிகம், உபாஞ்சு, மானசம் என்று பெரியவர்கள் இந்த மூன்று படிகளுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது படிதான் உயர்ந்தது என்பார்கள். என் அனுபவத்தில் மனம் மிகவும் அலைக்கழியும் நாளில் முதல் படிக்கு இறங்கி வாய்விட்டுச் சொல்வதுதான் கைகொடுக்கிறது. கவலை நமக்குள் பெரும்பாலும் சொற்களாகத்தானே ஓடுகிறது? ‘அவன் ஏன் அப்படிச் சொன்னான், நாளைக்கு என்ன ஆகும்’ என்று நமக்கு நாமே ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். நாக்கு ஒரு பெயரைப் பிடித்திருக்கும்போது அதே இடத்தில் இன்னொரு பேச்சு உட்கார இடம் குறைகிறது.

இது ஒரு மதத்தின் தனிச் சொத்து இல்லை என்பதை வடசென்னையில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ராயப்பர் என்னும் புனித பேதுருவின் பெயரால் வந்த ஊர் ராயபுரம் என்பார்கள். அங்கே மாலை வேளையில் தேவாலயப் படிகளில் பெண்கள் ஜெபமாலை உருட்டுவார்கள். பத்து மணிகள் கொண்ட ஐந்து கட்டு, தொடக்கத்தில் மூன்று, ஆக 53 முறை அதே மரியன்னை வாழ்த்து. தெருவைத் தாண்டினால் தொழுகை முடித்த பெரியவர் தஸ்பீஹ் மணிகளை நகர்த்துவார். 33, 33, 34 என்று நூறு. அதே ராயபுரத்தில் 1910 முதல் பார்சிகளின் அக்கினிக் கோயிலும் இருக்கிறது. அவர்களும் பழம்பெரும் மந்திரங்களைக் கணக்கு வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்பவர்கள். கடவுளின் பெயர் மாறுகிறது, மணிக்கணக்கு மாறுகிறது. கட்டைவிரலின் அசைவு மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறது.

இதை ஆய்வுக்கூடத்திலும் சோதித்திருக்கிறார்கள். இத்தாலியில் லூச்சியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. அவர்களை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள். ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற திபெத்திய மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறையாகக் குறைந்தது. சும்மா இருக்கும்போது நாம் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகிறவர்கள். அந்த நிதானத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைந்து நடப்பதையும் அவர்கள் கண்டார்கள். ஒரு வரியைச் சொல்லி முடிக்கும் வரை மூச்சை மெல்ல விட்டாக வேண்டும் அல்லவா? மூச்சைக் கட்டுப்படுத்து என்று யாரும் சொல்லாமலே, வரியின் நீளம் மூச்சை அளந்து கொடுத்துவிடுகிறது. அதற்கு முன்பே, 1975இல், ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் தம் நூலில் சொன்னதும் இதற்கு நெருங்கியதுதான்: ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், வேறு நினைவு வந்தால் அதோடு சண்டை போடாமல் மறுபடி சொல்லுக்கு வாருங்கள். பட்டினத்தார் சமாதியில் பெரியவர் கயிற்றை வைத்துச் சொன்ன அதே பாடம்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு வந்து திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனைகள் பாடிய தியாகராஜ சுவாமிகள், நாளுக்கு ஒன்றேகால் லட்சம் வீதம் 21 ஆண்டுகளில் 96 கோடி முறை ராம நாமம் சொன்னதாக மரபு. கணக்குப் போட்டால் 95 கோடியே 81 லட்சம் வருகிறது, சரிதான். ஆனால் ஒரு நாளில் இருப்பது 86,400 நொடிகளே. நொடிக்கு மூன்று முறை சொன்னால்கூட ஒன்றேகால் லட்சத்துக்குப் பதினொன்றரை மணி நேரம் வேண்டும். இந்தக் கணக்கை முதலில் போட்டபோது எனக்கு மலைப்பாக இருந்தது. இப்போது வேறு விதமாகப் புரிகிறது. உஞ்சவிருத்திக்கு நடக்கும்போதும், குளிக்கும்போதும், அரிசி களையும்போதும் நாமம் ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்தத் தொகை சேரும். தனியாக ஒரு நேரம், தனியாக ஓர் இடம் என்று ஒதுக்கிச் சேர்க்க முடியாத தொகை அது.

ஏழுகிணறு வீராசாமி பிள்ளைத் தெருவில் வாழ்ந்த வள்ளலார், அங்கிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே வருவாராம். இன்றைக்கு ஒரு நடைக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அருட்பெருஞ்ஜோதியை மந்திரமாகத் தந்த அவர், 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையைத் தொடங்கினார். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக, 1867இலேயே, தருமசாலையில் அடுப்பை மூட்டிவிட்டார். முதலில் சோறு, பிறகு சபை. இந்த வரிசையை நான் வெகு நாள் சும்மா ஒரு தகவலாகவே வைத்திருந்தேன். 2023 டிசம்பர் 26 இரவுதான் அதன் பொருளைக் காட்டியது.

அன்று நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் ஓர் ஆலைக்காகக் கடலுக்கடியில் போட்டிருந்த குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடி வந்தார்கள். புயல் வெள்ளமும், ஆற்றில் கலந்து வந்த எண்ணெயும் அவர்களுடைய வலைகளை நாசமாக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. என்னோடு வேலை செய்த நண்பர் தொலைபேசியில் இருமிக்கொண்டே பேசினார். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சாலையோரம் அவருடைய அம்மா நின்றிருந்தார். எழுபது வயதுக்கு மேல். ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புடவைத் துண்டுகளை நனைத்துப் பிழிந்து, வருகிற பிள்ளைகளின் மூக்கில் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய உதடு நிற்காமல் ‘தாயே, தாயே’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. எந்தத் தாயை என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு ‘தாயே’வுக்கும் ஒரு துணி நனைந்தது. கை நடுங்கவில்லை. சுற்றிலும் எல்லோரும் அலறிக்கொண்டிருந்த அந்த இடத்தில், எந்தப் பிள்ளைக்குக் கட்டியாயிற்று, எந்தப் பிள்ளை பாக்கி என்று அவர் ஒருவருக்கே தெரிந்திருந்தது.

அவர் கண்ணை மூடி உட்கார்ந்து ஜபம் செய்து நான் பார்த்ததில்லை. கூடை தூக்கும்போது, மீன் ஆயும்போது, பேரனைத் தூங்க வைக்கும்போது அந்தச் சொல் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்ததால்தான் அந்த இரவில் தேடாமல் கிடைத்தது.

மறுநாள் விடிகாலை நான் வழக்கம்போல் உட்கார்ந்தேன். ஐந்தெழுத்து வந்தது, மனமும் மெல்ல அடங்கத் தொடங்கியது. அப்போது என்னை நானே கேட்டுக்கொண்டேன்: இந்த அடக்கம் எதற்கு? நேற்று இரவு பார்த்ததை மறப்பதற்கா, மறக்காமல் தாங்குவதற்கா? மறப்பதற்கு என்றால், காதடைப்பானுக்கும் மந்திரத்துக்கும் வித்தியாசமில்லை. பக்கத்து வீட்டு அழுகை கேட்காதபடி நம்மை அடைத்துவிடும் அமைதி, எந்தப் பெயரைச் சொல்லி வந்தாலும், நல்ல அமைதி ஆகாது. பெயர் சொல்லிப் பழகிய மனம் அடுத்தவர் குரலை முன்பைவிடத் தெளிவாகக் கேட்க வேண்டும். அன்று எழுந்து, போர்வைகளும் இருமல் மருந்தும் வாங்கிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். ஆலையை மூடச் சொல்லிப் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களோடு சில நாள் நானும் உட்கார்ந்தேன். அங்கேயும் கட்டைவிரல் கணுக்களில் நடந்துகொண்டுதான் இருந்தது.

என் காது இரைச்சல் இன்றும் போகவில்லை. விளக்கை அணைத்ததும் சுவர்க்கோழி கத்துகிறது. நான் பெயரைச் சொல்கிறேன். நடுவில் மகள் நினைவு வருகிறது, கடன் நினைவு வருகிறது, போய்விட்டேன் என்று தெரிந்ததும் திரும்பி வருகிறேன். ஒரு சுற்றில் பத்துத் தடவை போனால் பத்துத் தடவை வருகிறேன். முன்பெல்லாம் போனதை எண்ணி நொந்துகொள்வேன். இப்போது வந்ததை எண்ணுகிறேன். பெரும்பாலும் நாலாவது சுற்றுக்குள் தூங்கிவிடுகிறேன்.

உங்களுக்கும் மனம் அலைகிறது என்றால், நல்ல இடம் கிடைக்கட்டும், வீடு அமைதியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, உங்கள் அம்மாவோ பாட்டியோ சொல்லிக் கேட்ட ஒரு பெயர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். அதை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலைச் சுண்டுவிரலின் அடிக்கணுவில் வையுங்கள். இன்றைக்குப் பன்னிரண்டு முறை சொன்னால் போதும்.