பிறர் பொருட்டு மன்னித்தல்

அரங்கிலே ஒரு துன்பக் காட்சியைக் கண்டு கண்ணீர் வடிப்பவன் நல்லவனா என்னும் வினா மிகப் பழையது. அக்கண்ணீரே அவனது நன்மைக்குச் சான்று என்பர் ஒரு சாரார். அதற்கென அவன் எவ்வித விலையும் கொடுத்தானல்லன். ஆதலின் அது சான்றாகாது என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கு இக்காலத்தில் நாடக அரங்கை விட்டுத் தொலைக்காட்சித் திரைக்கு இடம்பெயர்ந்துள்ளது. அனிமே எனப்படும் யப்பானிய அசைவூட்டச் சித்திரத் தொடர்களுள், மேனாட்டுச் செவ்வியல் இசை பயிலும் இளைஞரைப் பற்றியவை இன்று ஒரு தனி மரபாகவே வளர்ந்துள்ளன. அம்மரபிற் பார்ப்போரை மிகுதியும் அழவைத்த ஒன்றினை இங்கு எடுத்துக்கொள்ளலாம். 'ஷிகட்சு வா கிமி நோ உசோ' என்பது அதன் பெயர். 'ஏப்பிரல் மாதத்து உன் பொய்' எனத் தமிழிற் கூறலாம். நவோஷி அரக்காவா 2011 முதல் 2015 வரை மாத இதழொன்றில் வரைந்த சித்திரக் கதையே அதற்கு மூலம். 22 பகுதிகளாகப் புஜி தொலைக்காட்சியில் 2014 ஒக்டோபர் முதல் 2015 மார்ச்சு வரை அது ஒளிபரப்பாயிற்று.

கதையின் நாயகன் அரிமா கோசெய் பதினான்கு வயதினன். சிறுபராயத்திலே பியானோப் போட்டிகள் பலவற்றில் வென்றவன். இசைக்குறிப்பில் உள்ளதை அணுவும் பிசகாது வாசிப்பவன் என்பதால், தாள அளவைக் காட்டும் கருவியின் பெயரால் 'மனித மெட்ரோனோம்' என அவனை அழைத்தனர். அது முழுவதும் புகழ்மொழியன்று. நோயுற்றிருந்த அன்னை சாக்கி அவனைப் பயிற்றிய முறை கொடியது. பிழை நேரும்போதெல்லாம் அடி விழும். சக்கர நாற்காலியில் அமரவேண்டிய நிலையிலும் அவளது கைத்தடி ஓயவில்லை. ஒரு போட்டியின் பின்னர், பலர் காண அவனை அவள் அடிக்கிறாள். அன்று அச்சிறுவன், அவள் செத்துப்போகட்டும் என்று சொல்லிவிடுகிறான். அவளும் இறந்துவிடுகிறாள். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. அடுத்து ஏறிய மேடையில் அவன் நிலைகுலைகிறான். அன்றுதொட்டுத் தான் வாசிக்கும் பியானோவின் ஒலி மட்டும் அவன் செவிக்குக் கேளாது போகிறது. ஈராண்டுகள் கழிந்த பின், இசைக்குறிப்பையும் நடுவரையும் ஒருங்கே பொருட்படுத்தாது வயலின் வாசிக்கும் கவோரி என்னும் சிறுமி அவனை மீண்டும் மேடைக்கு இழுத்து வருகிறாள். அவளும் தீரா நோயினள். இறுதிப் பகுதியில் அவன் சொப்பினின் முதலாம் பலேட்டை மேடையில் வாசிக்கையில், சத்திரசிகிச்சையின்போது அவள் உயிர் பிரிகிறது. தலைப்பிலுள்ள பொய் யாதென்பதை அவள் விட்டுச்சென்ற கடிதம் சொல்கிறது.

தொடரைப் பார்த்தோர் தெரிவித்த கருத்துக்களுள் முதலிடம் கண்ணீருக்கே. இறுதிப் பகுதியைக் கண்டு கதறியதாகக் கூறுவோரும், மறுமுறை பார்க்கத் துணிவில்லை என்போரும் பலர். அதன் தூண்டுதலாற் செவ்வியல் இசையைத் தேடிக் கேட்கத் தொடங்கியோரும் உளர். (ஒரு சிறுமியின் மரணத்தின் துணையோடுதான் சொப்பின் புதிய செவிகளைச் சென்றடைய வேண்டியிருந்தது என்பது அவருக்குப் பெருமையா சிறுமையா என்பது வேறு விடயம்.) குறை கண்டோர், பாத்திரங்கள் வாசிப்பின் நடுவே நிகழ்த்தும் நெடிய உளவுரைகளையும், துயரக் காட்சிக்கு அருகே பொருத்தமின்றி வரும் நகைச்சுவையையும் சுட்டினர். இவையெல்லாம் சுவை பற்றிய கருத்துக்கள். அறம் பற்றிய கருத்து வேறுபாடு தோன்றும் இடம் ஒன்றே. அது அன்னை சாக்கி பற்றியது.

அவளை வெறுத்தவாறே கதையைப் பார்த்து வந்தோர் பலர், பதின்மூன்றாம் பகுதியில் மனம் மாறினர். அப்பகுதியில், வரவேண்டிய கவோரி வாராமையாற் கோசெய் தனியே மேடையேறி, கிரைஸ்லரின் 'காதலின் துயர்' என்னும் பாடலை ரக்மானினோவ் பியானோவுக்கு அமைத்த வடிவில் வாசிக்கிறான். அன்னை விரும்பிய இசை அது. அவளது கடுமையின் காரணமும் தெரியவருகிறது: தனக்கு நாள் அதிகமில்லை என்று அறிந்தவள், தான் இல்லாதபோதும் மகன் பிழைத்துக்கொள்ளத் தக்க ஒரு தொழில் வல்லமையை விட்டுச்செல்ல விரைந்தாள். இது தெரிந்ததும் பார்ப்போர் அவளை மன்னித்துவிடுகின்றனர். அவ்வாறு மன்னிக்க மறுத்தோரும் ஒரு சிறு தொகையினராக இருந்தனர். கதையே அன்னையை மன்னிக்குமாறு தம்மை நெருக்குகின்றது என்பது அவர்களின் முறைப்பாடு.

இவ்விரு சாராரும் ஒன்றை ஆராயாது விட்டனர். மன்னிக்கும் உரிமை யாருடையது? தோஸ்தோயெவ்ஸ்கி 1880 இல் நிறைவுசெய்த 'கரமாசோவ் சகோதரர்' நாவலில் இவான் இவ்வினாவை எழுப்புகிறான். நிலப்பிரபு ஒருவனின் வேட்டைநாய்களால் அன்னையின் கண்முன்னே குதறப்பட்ட ஒரு குழந்தையின் கதையைக் கூறும் அவன், அந்த அன்னை தனது தாய்த்துயரத்தை வேண்டுமாயின் மன்னிக்கலாம். குழந்தை பட்ட வேதனையை மன்னிக்க அவளுக்கே உரிமையில்லை என்கிறான். பெற்றவளுக்கே இல்லாத உரிமை, திரையின் முன் அமர்ந்திருப்பவனுக்கு எங்ஙனம் வாய்க்கும்? சாக்கியின் கைத்தடி அவன்மீது பட்டதில்லை. அவன் மன்னிப்பது எளிது. எளிதாயிருப்பதே ஐயத்திற்கு இடமாகின்றது. வெறுத்தவர்க்கும் இது பொருந்தும். கோசெய் தன் அன்னையை வெறுக்க இயலாது தவிக்கையில், அவன் பொருட்டு அவளை வெறுத்துத் தீர்ப்பதும் அவனுடைய வாயிலிருந்து சொல்லைப் பறிப்பதே.

சாக்கியின் நோக்கம் அன்பே என்பது மறுக்கற்பாலதன்று. ஆயினும் நோக்கத்தை அறிதல் வேறு, செயலை ஏற்றல் வேறு. பார்ப்போர் முன்னதிலிருந்து பின்னதற்கு நழுவுவதற்கு இசையே வழிசெய்கின்றது. இவ்வளவு அழகிய வாசிப்பு அத்தனை அடியின்றி வந்திருக்குமா என்னும் எண்ணம், வாய்விட்டுச் சொல்லப்படாமலே உள்ளத்தில் அமர்ந்துவிடுகிறது. இளம் பீத்தோவனைத் தந்தை கடுமையாக நடத்திய வரலாற்றைக் கூறுவோரும் இவ்வெண்ணத்தையே ஊட்டுகின்றனர். அவ்வாறு நடத்தப்பட்டுப் பியானோவின் பக்கமே பின்னர் திரும்பாத பிள்ளைகளின் வரலாற்றை எழுதுவார் இல்லை.

இக்கதையே அவ்வெண்ணத்தை மறுப்பதைக் கவனித்தோர் சிலரே. கோசெயின் வாசிப்பினால் வாழ்க்கை திரும்பிய சிறுமியர் இருவர் கதையில் வருகின்றனர். ஒருத்தி கவோரி. ஐந்து வயதில் அவன் வாசித்ததைக் கேட்டு, தான் பயின்ற பியானோவை விட்டு, என்றோ ஒருநாள் அவன் தனக்குப் பக்கவாத்தியம் வாசிக்கவேண்டும் என்னும் ஆசையால் வயலினைக் கையிலெடுத்தவள். மற்றவள் இகாவா எமி; அதே வயதில் அவனைக் கேட்டு அழுது, அன்றே பியானோ கற்கத் துணிந்தவள். எமி பின்னாளில் அவனோடு போட்டியிட்டதெல்லாம், பிழையற்ற அந்த இயந்திர வாசிப்பின்மீது கொண்ட சினத்தினால். முதல் நாள் கேட்ட கோசெயையே அவள் தேடுகிறாள். கைத்தடி உருவாக்கியது போட்டிகளில் வென்ற விரல்களை. இரு சிறுமியரை இசைக்கு அழைத்த வாசிப்பை அது உருவாக்கவில்லை. அதனை ஏறக்குறைய அழித்தது எனலே பொருந்தும்.

சாக்கிக்கு வேறு வழியிருந்ததா என்று கேட்போர் யப்பானுக்கு வெளியே செல்லவேண்டியதில்லை. நகோயாவில் வயலின் செய்யும் தொழிலகம் நடத்தியவரின் மகனான ஷினிச்சி சுசுக்கி (1898–1998), 1920களிற் பேர்லினிற் பயின்றவர். போர் முடிந்த பின் 1946 இல் மத்சுமோத்தோ நகரிற் பிள்ளைகளுக்கு வயலின் கற்பிக்கத் தொடங்கினார். எல்லாக் குழந்தைகளும் தாய்மொழியைத் தவறின்றிப் பேசக் கற்கின்றன. அங்ஙனமே இசையையும் கற்பிக்கலாம் என்பது அவர் கண்ட உண்மை. மொழி பழகும் குழந்தை ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால் எந்தத் தாயும் தடியை எடுப்பதில்லை. சொன்னதற்காக மகிழ்கிறாள், மீண்டும் சொல்லிக் காட்டுகிறாள். சுசுக்கியின் முறையில் அன்னையும் பாடத்திற்கு வரவேண்டும். பிள்ளைக்கு முன் அவளே வயலினைப் பிடிக்கச் சற்றேனும் கற்கவேண்டும். வில்லைப் பிடிப்பது எத்துணைக் கடினம் என்பதைத் தன் கையால் அறிந்தவள் பிள்ளையின் கையை அடிக்கத் தயங்குவாள். ஆயினும் சாக்கி பியானோ அறியாதவளல்லள். தானே வாசிக்கத் தெரிந்தவள். அறிவு மட்டும் போதுமாயின் அவள் அடித்திருக்கமாட்டாள். சுசுக்கியின் முறை விடைகாணாத இடமும் இதுவே: மரணத்தோடு போட்டியிடும் தாய்க்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

யப்பானிய மொழியிற் பிள்ளைகளை ஒழுக்கத்திற் பயிற்றுதலை 'ஷித்சுகே' என்பர். உடலையும் அழகையும் குறிக்கும் உருக்கள் இரண்டும் சேர்ந்த ஓர் எழுத்தால் அது எழுதப்படும். தையல் வேலையிலும் இதே சொல் உண்டு: உடையை நிலையாகத் தைக்கும் முன், துணி விலகாதிருத்தற்பொருட்டு இடும் தற்காலிகத் தையலை அது குறிக்கும். உடை முடிந்ததும் அந்நூல் உருவப்படும். சாக்கி இட்ட நூலை உருவ அவள் இருக்கவில்லை. மேடையில் அவன் செவியை அடைத்திருந்தது அந்நூலே. ஷித்சுகே என்னும் பெயரால் அடித்தலை அந்நாடு நெடுங்காலம் பொறுத்தது. சிறுவர் துர்ப்பிரயோகத்தைத் தடுக்கும் சட்டம் 2000 இல் வந்ததாயினும், பெற்றோர் ஒழுக்கம் கற்பித்தற்பொருட்டு உடலைத் தண்டித்தலை அது வெளிப்படையாகத் தடைசெய்தது 2019 இல் இயற்றப்பட்டு 2020 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தினால். பிள்ளைகளைத் தண்டிக்கும் உரிமையைப் பெற்றோர்க்கு அளித்த குடியியற் சட்ட வாசகம் 2022 டிசம்பரிலேயே நீக்கப்பட்டது. தொடர் முதலில் ஒளிபரப்பானபோது சாக்கியின் செயலுக்குச் சட்டத்தில் ஒரு நிழல் எஞ்சியிருந்தது எனலாம். இன்று அத்தொடரை முதன்முறையாகப் பார்ப்பவனுக்கு அந்நிழல் இல்லை; எனினும் அவனும் பதின்மூன்றாம் பகுதியில் முன்னவரைப் போன்றே மன்னித்துவிடுகிறான்.

அழுதல் வீண் என்று இதிலிருந்து முடிவு செய்வது அவசரமாகும். மோத்தோரி நொரினாகா (1730–1801) என்னும் யப்பானிய அறிஞர் 'கெஞ்சி கதை'யை ஆராய்ந்தபோது, அதனை நன்மை தீமை என்னும் அளவுகோலால் அளத்தலைக் கண்டித்தார். பொருள்களின் நெகிழ்வை உள்ளவாறு உணர்தலே அத்தகைய நூலின் பயன் என்றார். அவர் நோக்கிற் கண்ணீர் ஒருவகை அறிவு. சாக்கியின் அச்சத்தை உணராதவன் அவளைப் பற்றித் தீர்ப்புக் கூறத் தகுதியற்றவன். இது பெரிதும் உண்மை. அவ்வறிவு தீர்ப்பையே தேவையற்றதாக்கிவிடும் என்று கொள்ளும்போதுதான் சிக்கல் எழுகின்றது. கற்பனைத் துயருக்கு அழுதவன், மனிதத்தன்மைக்குச் செலுத்தவேண்டிய கடனை ஒரு காசும் செலவின்றித் தீர்த்துவிட்டதாக நிறைவடைகிறான் என றூசோ 1758 இல் தலம்பேருக்கு எழுதிய கடிதத்தில் வாதிட்டார். வில்லியம் யேம்ஸ் தமது உளவியல் நூலில் (1890), நாடக மாந்தருக்காக அழுதுகொண்டிருக்கும் ஒரு ருசியச் சீமாட்டியையும், வெளியே வண்டியின் இருக்கையிற் குளிரில் விறைத்து இறக்கும் அவளது வண்டிக்காரனையும் காட்டுகிறார். இசை கேட்டு எழும் உணர்ச்சியைக்கூட, பின்னர் ஏதேனும் ஒரு செயலாற் கழிக்கவேண்டும் என்பது அவர் கூறிய பரிகாரம். எமியின் கண்ணீர் அத்தகையது. அழுத கையோடு அவள் பியானோவின் முன் அமர்ந்தாள்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு வகுத்த நிலைக்களன்கள் நான்கனுள் இரண்டு இவ்விடத்துப் பெரிதும் உதவுகின்றன: இளிவும் இழவும். இழவு, உள்ளதை இழத்தல். இளிவு, பிறரால் இகழப்பட்டு எளியனாதல். கவோரிக்காகச் சிந்தப்படும் கண்ணீர் இழவு பற்றியது. அது இயல்பாகவே பெருகும். மரணம் எவரையும் குற்றவாளியாக்குவதில்லை, எனவே அழுபவனுக்கு எவ்விதச் சங்கடமும் இல்லை. பலர்முன் அடிபட்டு நின்ற சிறுவனுக்கு உரிய கண்ணீர் இளிவு பற்றியது. அங்கே இழிவு செய்தவர் ஒருவர் இருக்கிறார், அவரும் அன்புக்குரியவர். அக்கண்ணீர் எளிதில் வருவதில்லை. பார்ப்போரில் மிகப் பலர் முன்னதை நிறையச் சிந்திப் பின்னதையும் அதிலேயே கரைத்துவிட்டனர்.

தொடரின் ஆக்கத்தோரும் இதில் முற்றாகக் கைகழுவ இயலாது. அன்னையின் அடியைத் துயர இசையோடு காட்டிய அதே தொடரில், கோசெய் தோழியராலும் அடிபடுகிறான். அது வேடிக்கையாக வரையப்பட்டுள்ளது. கவோரியும் அவனை அடிக்கிறாள், அதற்குச் சிரிக்கவேண்டும். யப்பானியச் சித்திரக் கதைகளில் இது வழமையான நகைச்சுவைதான். ஆயினும் அடியினாற் செவி அடைபட்ட ஒருவன்மீதே அந்த வழமையைப் பிரயோகிப்பது பொருத்தமன்று எனக் குறை கூறியோரின் நோக்கு, கதறி அழுதோரின் நோக்கிலும் கூரியது.

மன்னிப்பு வேண்டி நிற்பவர் யார் என்பதிலும் பொதுக் கருத்துப் பிழைபட்டுள்ளது. 'காதலின் துயர்' ஒலிக்கும் மேடையிலே கோசெய் அன்னையை மன்னிக்க அமர்ந்தவனல்லன். செத்துப்போ என்று தான் சொன்ன ஒரு சொல்லாலேயே அவள் இறந்தாள் என்பதுபோற் பன்னிரு பகுதிகளாகச் சுமந்து வந்தவன் அவன். அடிபட்டவன் தன்னையே குற்றவாளியாகக் கருதுகிறான், மன்னிக்கவேண்டியவளோ இறந்துவிட்டாள். இசை அவளைச் சென்றடைய வேண்டும் என்பதே அவன் விழைவு. அவன் கேட்டது தனக்கான மன்னிப்பு. திரையின் முன் அமர்ந்திருந்தோர் அதனை அவனுக்கு அளிக்க எண்ணாது, அவன் கேளாத மன்னிப்பை அவன் அன்னைக்கு வழங்கினர்.