அந்தி வெளிச்சம் யாருக்கு அழகு?

கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் என் அறைத்தோழன் ஒருவன் தினமும் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய்விடுவான். மேற்கே பார்த்து உட்கார்ந்துகொள்வான். வானம் மஞ்சளாகி, சிவப்பாகி, அப்புறம் ஒருமாதிரி கத்தரிப்பூ நிறமாகி அடங்குகிறவரைக்கும் பேசமாட்டான். 'இந்த வெளிச்சத்தப் பார்த்தா மனசு லேசாயிடுதுடா' என்பான். நல்லவன்தான். ஒருமுறை எனக்காகத் தேர்வுக் கட்டணம் கட்டியவன். ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். எனக்கு மனசு லேசாகவில்லை. அடிவயிறு கலங்கியது. எங்கேயோ போய் யார் முன்னாலோ நிற்கவேண்டும், நேரமாகிவிட்டது என்று ஒரு பதற்றம். எழுந்து கீழே வந்துவிட்டேன்.

'உனக்கு ரசனையே இல்லடா' என்றான். ரொம்ப காலம் நானும் அதை நம்பினேன். படிப்பு வந்த அளவுக்கு ரசனை வரவில்லை, அது பரம்பரையாக வரவேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பதற்றம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கப் பல வருஷம் பிடித்தது. எங்கள் ஊர் தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. எங்கள் சேரிப் பேச்சில் சூரியனுக்கும் நேரத்துக்கும் ஒரே வார்த்தை, பொழுது. பொழுது கிளம்பிடுச்சி, பொழுது உச்சிக்கு வந்துடுச்சி, பொழுது சாஞ்சிடுச்சி. கடிகாரம் இல்லாத வீடுகள். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் எல்லாமே. அம்மா வெள்ளி முளைக்கிறபோதே எழுந்துவிடும். ஓடைப்பக்கம் ஒதுங்கிவிட்டு வரவேண்டும். நாலைந்து பெண்களாகச் சேர்ந்து போவார்கள். கிழக்கே வெளுக்க ஆரம்பித்துவிட்டால், 'வெளுத்துடுச்சிடி, எழுந்து வாங்கடி' என்று ஒருத்தியை ஒருத்தி விரட்டிக்கொண்டு ஓடிவருவார்கள். அதற்குமேல் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். விடியலின் முதல் சிவப்பு அம்மாவுக்கு அப்படித்தான் அறிமுகம். (பிற்பாடு நம் மேடைகளில் 'விடியல், விடியல்' என்று பேசியதைக் கேட்டு அம்மா சிரித்தது. 'விடிஞ்சா வேலைக்குப் போவணும், அதுல என்னா இருக்குது' என்றது.)

சாயங்காலம் இதைவிட மோசம். நடவுக் காலத்தில் பொழுது இருக்கிற வரைக்கும் கரையேற விடமாட்டார் ஆண்டை. 'இன்னும் வெளிச்சம் இருக்குதில்ல, இந்த அண்டைய முடிச்சிட்டுப் போங்க' என்பார். முடித்து, வாய்க்காலில் கைகால் கழுவி, ஆண்டை வீட்டுத் தோட்டத்து வாசலுக்கு வந்து நின்றால், உள்ளேயிருந்து அந்த வீட்டு அம்மாவின் குரல் வரும். 'விளக்கு வச்சாச்சு. விளக்கு வச்சப்புறம் நெல்லு வெளிய தரக்கூடாது. காலையில வா.'

விளக்கு வைத்த பிறகு நெல்லோ பணமோ உப்போ வெளியே போனால் வீட்டு லட்சுமி போய்விடுவாளாம். இந்தச் சாஸ்திரம் எங்களுக்கும் தெரியும். தெரியாதது, லேட்டாக்கிய ஆள் யார் என்று கேட்கிற வழிதான். வயலில் வெளிச்சம் இருக்கிறது என்று சொன்னவரும் அந்த வீட்டுக்காரர்தான், வீட்டில் இருட்டிவிட்டது என்று சொன்னவரும் அந்த வீட்டுக்காரர்தான். நம்ம பக்கத்தில் அந்தி ரொம்பக் குறைவு. பொழுது மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் இருட்டிவிடும். அந்த நேரத்துக்குள் வயலிலிருந்து ஓடி, கூலி நெல்லை வாங்கி, கடையில் போட்டு, அரிசியும் மிளகாயும் மண்ணெண்ணெயும் வாங்கியாக வேண்டும். என்னை முன்னாலேயே கூடையோடு அனுப்பி நிற்க வைத்திருக்கும் அம்மா. நான் ஒரு கண்ணால் மேற்கே வானத்தையும் ஒரு கண்ணால் அந்த வீட்டு மாடத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பேன். வானம் சிவந்தால் பயம். மாடத்தில் திரி எரிந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

மொட்டை மாடியில் என் வயிற்றைக் கலக்கியது இதுதான். எனக்கு ரசனை இல்லாமல் இல்லை. அந்த வெளிச்சம் எனக்கு ஏற்கெனவே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தது, அவ்வளவுதான்.

வெளிச்சம் மனநிலையை மாற்றும் என்பதை நான் மறுக்கவில்லை. காலையிலும் மாலையிலும் சூரிய ஒளி காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வருகிறது. அடிவானத்தில் இருக்கும்போது, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல ஏறக்குறைய 38 மடங்கு காற்றைத் தாண்டித்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. வழியில் நீலம் சிதறிப்போய்விட, மிச்சம் சிவப்பும் மஞ்சளும். நம் விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல், வெளிச்சத்தின் அளவை அறிந்து மூளைக்குப் பொழுதைச் சொல்வதற்கென்றே சில நரம்பு உயிரணுக்கள் இருப்பதை 2002-ல் கண்டறிந்தார்கள். உடம்புக்குள் ஓடும் இந்தக் கடிகாரத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு 2017-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். காலை வெளிச்சம் விழிப்பைக் கொடுக்கும், வெளிச்சம் குறையக் குறைய உடம்பு உறக்கத்துக்குத் தயாராகும் என்பதெல்லாம் ஆண்டை உடம்புக்கும் என் உடம்புக்கும் பொதுவானதுதான். ஆனால் அந்த விழிப்போடு சேர்ந்து வருவது உற்சாகமா பயமா, அந்த அடங்குதலோடு சேர்ந்து வருவது அமைதியா அவமானமா என்பதை அந்த உயிரணு முடிவு செய்வதில்லை. அந்த நேரத்தில் நம்மை யார் எங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பது அதில் கலந்திருக்கிறது.

பொழுதையும் மனநிலையையும் முடிச்சுப் போடுவதில் நம் தமிழ் மரபு பெரிய கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறது. முல்லைக்கு மாலை, காத்திருத்தல். நெய்தலுக்கு எற்பாடு, இரங்கல். மருதத்துக்கு வைகறை, ஊடல். உலகத்தில் வேறெங்கும் இல்லாத இலக்கணம் என்று வகுப்பில் சொன்னார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் ஒரு சந்தேகம் வந்தது. மருத நிலத்து வைகறையில் பரத்தை வீட்டிலிருந்து திரும்பி வருகிற தலைவனும் கதவைச் சாத்தி ஊடுகிற தலைவியும் இருக்கிறார்கள். அதே வைகறையில் அந்த வயல் சேற்றில் இறங்கியிருப்பவளுக்கு என்ன உரிப்பொருள்? தொல்காப்பியம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அடியோரும் ஏவல் செய்வோரும் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளையிலும் பெருந்திணையிலும் இருக்கத் தடையில்லை என்கிறது. உரைகாரர்கள் அதை விளக்கும்போது, பிறர் ஏவலில் இருப்பவர்களுக்கு ஐந்திணை ஒழுக்கம் கூடிவராது என்கிற ரீதியில் சொல்கிறார்கள். அதாவது உன் பொழுது உன் கையில் இல்லை, ஆகவே பொழுதுக்குரிய உணர்ச்சியும் உனக்கு இல்லை. ஒருவகையில் நேர்மையான பேச்சுதான். பின்னால் வந்தவர்கள் இந்த உண்மையை மறைத்துவிட்டு 'தமிழர் வாழ்வு' என்று பொதுப்பெயர் வைத்துவிட்டார்கள்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். அழகை ரசிப்பதற்குச் சொந்த லாபநஷ்டம் குறுக்கே வரக்கூடாது என்று 1790-ல் எழுதிய காண்ட், பசி தீர்ந்த பிறகுதான் ஒருவனுக்கு ருசி இருக்கிறதா இல்லையா என்று சொல்லமுடியும் என்கிறார். சரி. ஆனால் பசியை யார் தீர்க்காமல் வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குக் கேள்வியாகவே இல்லை. இருக்கட்டும், நான் சொல்ல வந்தது வேறு.

குரியே 1932-ல் வெளியிட்ட சாதி பற்றிய நூலில் ஒரு தகவல் இருக்கிறது. பேஷ்வாக்கள் ஆட்சியில், மாலை 3 மணிக்குப் பிறகும் காலை 9 மணிக்கு முன்னும் மகர்களும் மாங்குகளும் புனே நகர வாசலுக்குள் இருக்கக் கூடாது. காரணம், அந்த நேரத்தில் அவர்கள் உடம்பின் நிழல் நீளமாக விழும். அது பார்ப்பனர் மேல் பட்டால் தீட்டு. அங்கே தீண்டத்தகாதவர் தன் காலடித் தடத்தைக் கூட்ட இடுப்பில் துடைப்பமும், எச்சில் துப்பக் கழுத்தில் மண்சட்டியும் கட்டிக்கொண்டு போகவேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936-ல் 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதினார். அந்தத் துடைப்பமும் சட்டியும் நமக்கு மனப்பாடம். இந்த நிழல் விஷயத்தை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில், சூரியக் கணக்குப்படி காலை 9 மணிக்குப் புனேயில் சூரியன் சுமார் 42 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது ஆளின் உயரத்தைவிட நிழல் சற்றே கூட. 3 மணிக்கும் அதே அளவுதான். ஆக நிழல் ஆளைத் தாண்டி நீளுகிற நேரம் முழுக்க விலக்கு. எவனோ உட்கார்ந்து நிழலை அளந்திருக்கிறான்! சூரியன் கிளம்பி முக்கால் மணி நேரம்வரை, 10 பாகை உயரத்துக்குள் இருக்கிறபோது, ஐந்தரை அடி ஆளின் நிழல் 31 அடிக்குக் குறையாது. இந்த நேரத்தைத்தான் சினிமாக்காரர்கள் 'மேஜிக் அவர்' என்கிறார்கள். முகமெல்லாம் பொன்னாகத் தெரியும், நிழல் அழகாக நீளும் என்று காத்திருந்து படம் பிடிக்கிறார்கள். புனேயின் ஒரு பகுதி மனிதர்களுக்குக் காலைப் பொன்னும் மாலைப் பொன்னும் நகரத்துக்குள் பார்க்கக் கிடைத்ததே இல்லை. உச்சிவெயில் மட்டும் கிடைத்தது. ஒரு மனிதன் காலை வெளிச்சத்தில் நின்றால் உடம்பு தன்னால் போடுகிற நிழல்கூடக் குற்றம் என்றால், அந்த வெளிச்சம் அவன் மனசில் என்ன செய்திருக்கும்? பேஷ்வா ஆட்சி 1818-ல் முடிந்துபோனது. நிழலைச் சுருக்கிக்கொண்டு ஓரமாக நடக்கிற பழக்கம் அதோடு முடிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆண்டை வீட்டு வாசலில் நான் நிற்கும்போது என் நிழல் படிக்கட்டில் விழாமல் ஒதுங்கி நில் என்று அம்மாதான் சொல்லும்.

அப்படியானால் அந்தியை ரசிப்பதே ஆதிக்கசாதிக் குணம், அதைத் தூக்கி எறிவோம் என்று சொல்லலாமா? தொண்ணூறுகளில் நம்மில் சிலர் அப்படித்தான் பேசினோம். நானும் ஒரு கூட்டத்தில், நிலாவையும் அந்தியையும் பாடுகிறவனை வீதிக்கு இழுத்துவரவேண்டும் என்று பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு அது தப்பு என்று நினைக்கிறேன். காரணம் அம்மாதான்.

ஒரு கார்த்திகையில், விட்டு விட்டு மழை பெய்த நாள். நடவுக் கழனியில் தண்ணீர் நிற்கிறது. மேற்கே மேகம் கொஞ்சம் விலகிக் கடைசி வெளிச்சம் சாய்வாக வந்து விழுந்தது. அம்மா நாத்துக் கட்டைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தது. 'டேய், தண்ணியப் பாருடா, மஞ்சத்தண்ணி ஊத்துனாப்புல' என்றது. அதன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. கரையிலிருந்து குரல் வந்தது. 'என்னாடி அங்க வேடிக்க?' அம்மா குனிந்துவிட்டது. முழுசாகப் பத்து எண்ணுகிற நேரம்கூட இருக்காது.

அம்மாவுக்கு அந்த வெளிச்சம் தெரிந்திருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நிமிர்ந்து நின்று பார்ப்பதற்கான நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கூலிக்குப் போராடினோம், நிலத்துக்குப் போராடினோம், பாதைக்கும் சுடுகாட்டுக்கும் போராடினோம். இந்தப் பத்து எண்ணுகிற நேரத்தைக் கேட்டு நாம் மனு கொடுத்ததில்லை. கேட்டிருந்தால் நம்ம ஆட்களே சிரித்திருப்பார்கள். எனக்கு இப்போது அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் எனக்குச் சௌகரியம். ஆனால் ஒன்றை விட்டுவிட முடியாது.

1932 டிசம்பரில் 'இந்து' நாளிதழில் திருநெல்வேலி மாவட்டத்துப் புதிரை வண்ணார்களைப் பற்றி ஒரு செய்தி வந்தது. பிற்பாடு பல நூல்களில் அது எடுத்தாளப்பட்டது. அவர்களைக் கண்ணால் பார்த்தாலே தீட்டு, ஆகவே பகலில் வெளியே வரக்கூடாது. நடு இரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான் வேலை. அந்த வேலை என்ன? தீண்டத்தகாதவர்களின் துணியை வெளுப்பது. அதாவது நம் துணியை. வைகறை, அந்தி இரண்டையும் சேர்த்து முழு வெளிச்சத்தையும் இழந்தவர்கள் நமக்கு வேலை செய்தவர்கள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-ல் வந்தபோது, நம்மை நாமே காட்டிக்கொடுப்பதா என்று கோபப்பட்டவர்களில் நானும் ஒருவன். நாவலைப் படிக்கும்போது கை நடுங்கியது நிஜம். வெளியே கோபமாகப் பேசினேன்.

எங்கள் சேரிக்கும் ஒரு வண்ணாரக் குடும்பம் இருந்தது. எங்கள் ஊரில் பகலில் வரக்கூடாது என்று யாரும் சட்டம் போட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் அந்த அம்மா ராச்சோறு எடுக்க வருவது விளக்கு வைத்த பிறகுதான். தெருமுனையில் நின்று 'சோறு போடுங்க சாமி' என்று குரல் கொடுக்கும். ஏழு வயசுப் பையனான என்னையும் 'சாமி' என்றுதான் கூப்பிடும். நான் அந்த அம்மாவை, என் பாட்டி வயசு இருக்கும், 'ஏ வண்ணாத்தி, இரு, வரேன்' என்பேன். ஆண்டை வீட்டில் கூலி கிடைக்காமல் திரும்பிய ராத்திரிகளில், அன்றைக்கு எங்களுக்குச் சோறில்லை என்பதால், அம்மா உள்ளேயிருந்தபடியே சொல்லும். 'இன்னிக்கு ஒண்ணுமில்ல, போயிட்டுக் காலையில வா.'

அதே வார்த்தை. நான் எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

போன வருஷம் அம்மாவிடம் அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டேன். பேர் தெரியவில்லை. 'குரல் நல்லாத் தெரியும்டா' என்றது. முகம் எப்படி இருக்கும் என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'இருட்டுலதான வரும்' என்றது. எனக்கும் முகம் ஞாபகமில்லை. அந்தக் குடும்பம் எண்பதுகளில் ஊரைவிட்டுப் போய்விட்டது. எங்கே போனார்கள் என்று சேரியில் யாருக்கும் தெரியவில்லை.