கூடை தூக்காத உடம்பு

பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளிலும், நாட்டின் மற்றப் பாடசாலைகளைப் போலவே, தரம் 7, தரம் 10 பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. உயரமும் நிறையும் அளந்து, மெலிவு, சரி, பருமன் என்று பதிகிறார்கள். பருமன் என்று பதியப்பட்ட பிள்ளைக்குக் கிடைக்கும் புத்திமதி பெரும்பாலும் ஒன்றுதான்: சீனியைக் குறை, ஓடி விளையாடு. புத்திமதியில் பிழையில்லை. ஆனால் அந்த உடம்புக்குப் பதில் சொல்ல வேண்டியவள் பதினான்கு வயதுப் பிள்ளைதான் என்று அது சொல்லாமல் சொல்கிறது. அது நியாயமா?

உடம்பின் கணக்கு பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் தாய் வயிற்றிலிருந்தவர்கள், நடுவயதில் இரத்தச் சீனியைச் சமாளிக்க முடியாத உடம்போடு இருந்தார்கள். இங்கிலாந்தின் ஹெர்ட்போர்ட்ஷயரில் மருத்துவிச்சிகள் எழுதிவைத்த பழைய பதிவேடுகளைத் தேடிப்பிடித்த டேவிட் பார்க்கர், நிறை குறைந்து பிறந்தவர்களிடம் பிற்காலத்தில் இதயநோய் கூடுதல் என்று காட்டினார். நமக்கு இன்னும் நெருக்கமானது பூனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் கண்டது. அங்கே பிறந்த குழந்தைகளின் நிறை ஐரோப்பியக் குழந்தைகளின் நிறையைவிடக் குறைவு, தசையும் குறைவு, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. 2004இல் அவரும் லண்டன் மருத்துவர் ஜோன் யட்கினும் தங்களையே அளந்து வெளியிட்டார்கள். உயரத்தையும் நிறையையும் கொண்டு கணக்கிடும் உடற்திணிவுச் சுட்டி இருவருக்கும் 22.3. யட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 வீதம்.

2016ஆம் ஆண்டின் தேசியக் குடிசன, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைப் பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் சுமார் 17 வீதம். தோட்டப் பகுதியில் மட்டும் சுமார் 32 வீதம். அந்த வயதுக்காரர்கள்தான் இப்போது பதின்வயதில் கால் வைக்கிறார்கள். குறைவாகக் கிடைத்து வளர்ந்த உடம்புக்குக் கோதுமை மா ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் சோடாவும் தாராளமாகும்போது, வந்ததை அது வயிற்றைச் சுற்றிச் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறது. பார்வைக்கு ஒல்லியான பிள்ளையும் இதில் தப்புவதில்லை. அம்மாயி பட்ட பட்டினிக்குப் பேத்தியிடம் விளக்கம் கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

பெற்றோரின் பக்கத்தையும் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. தலைமுறை தலைமுறையாக, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மலையேறி, நாட்சம்பளத்துக்குப் பேர் போடுவதற்காகக் கொழுந்து பறித்த குடும்பம். உடம்பை வளைத்து உழைப்பது அங்கே ஒருநாளும் விருப்பமாக இருந்ததில்லை. பிள்ளை மேசையில் உட்கார்ந்து படிப்பதைப் பார்க்கத்தான் அந்தத் தாய் மழையில் நின்றாள். அட்டை கடிக்காத கால், கூடைக் கயிறு அழுத்தாத தலை, இவைதான் அவள் பிள்ளைக்குக் கொடுக்க நினைக்கும் சொத்து. கொஞ்சம் சதைப்பிடிப்பு அவளுக்குக் கவலையே தராது; பிள்ளை பசித்திருக்கவில்லை என்று அவள் மனம் ஆறும். சாதாரண தரப் பரீட்சை தோட்டத்துக்கு வெளியே போகும் வழி. ஆகவே உடற்கல்விப் பாடவேளையைக் கணிதம் எடுத்துக்கொண்டாலும், பின்னேரம் முழுக்க டியூசன் என்றாலும் அவள் மறுக்க மாட்டாள். இதை அறியாமை என்பவர்கள் அந்த வாழ்க்கையை அறியாதவர்கள்.

ஆனாலும் தாயின் நியாயம் ஓரிடத்தில் பிள்ளையின் உடம்போடு முட்டுகிறது. பூப்புப் பருவத்தில் இன்சுலினின் வேலை இயல்பாகவே சற்று மந்தமாகும். அதே வயதில் ஓட்டமும் ஆட்டமும் குறைந்துவிடுகின்றன. உழைக்கும் தசை, இன்சுலினை அதிகம் நம்பியிராமலே இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும். நிறை ஒரு கிலோகூட இறங்காவிட்டாலும் அந்தப் பயன் உண்டு. தராசு இதைக் காட்டாது. பெரிய பிள்ளையானதும் திடலிலிருந்து முதலில் மறைகிறவள் பெண்பிள்ளை. பீலியில் தண்ணீர் பிடித்துச் சுமக்க அவள் வேண்டும், தம்பியைத் தூக்க அவள் வேண்டும்; வலைப்பந்து விளையாட மட்டும் விடுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாளுக்கு 60 நிமிட அசைவு, 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகம் முழுவதிலும் 81 வீதமான பதின்வயதினருக்கு இல்லை. பெண்பிள்ளைகளில் 85 வீதம்.

ஆகவே பிள்ளையிடம் சொல்லாமல் விடுவதும் தவறுதான். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி கலந்த பானத்துக்கு 2016 முதல் இலங்கையில் சிவப்புக் குறி இருக்கிறது. அதன் பொருள் தெரிந்த பிள்ளைதான் போத்தலைத் திருப்பி வைக்கலாமா என்று தானே முடிவெடுப்பாள். அறிவைக் கொடுக்கலாம், குற்றத்தைச் சுமத்தக் கூடாது. வகுப்பின் முன்னால் ஒரு பிள்ளையின் நிறையைச் சத்தமாக வாசிப்பது குற்றஞ்சாட்டுவதுதான். அதனால் எந்த உடம்பும் தேறுவதில்லை. ஓடி விளையாடுவதைப் பருமனுக்கான தண்டனையாக்காமல், மெலிந்தவள் பருத்தவள் எல்லோருக்கும் சேர வேண்டிய பங்காக எண்ணினால், கேள்வி பிள்ளையை விட்டுப் பெரியவர்களிடம் வரும். சரிவான தோட்டத்தில் சமநிலம் அரிது. இருப்பதில் பிள்ளைகளுக்கென்று ஒரு துண்டு விடுவது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. எடுத்துக்கொண்ட பாடவேளையைத் திருப்பிக் கொடுப்பது பாடசாலையின் கையில் இருக்கிறது. நமுனுகுல மலையடியில் பின்னேரமே மூடுபனி இறங்கிவிடும். டியூசன் முடிந்து லயத்துக்குத் திரும்பும் பிள்ளைக்கு விளையாட வெளிச்சம் மிஞ்சாது. நாளுக்கு வேண்டிய அந்த 60 நிமிட அசைவு பாடசாலை மணிகளுக்குள்ளேயே கிடைத்தாக வேண்டும்.