ஒரேத்தோக் கரையில் அரைச் சுருட்டு

இலை கறுத்திருந்தால் காரம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. மெக்ஸிகோவின் சான் அந்திரேஸ் பள்ளத்தாக்கிலும் அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றோரத்திலும் விளைகிற தடித்த இலைகளைக் குவித்து, ஈரமும் சூடுமாகப் புழுங்க விட்டு, குவியலைப் பிரித்துப் புரட்டி மறுபடி அடுக்கி, மாதக்கணக்கில் காத்திருந்து எடுப்பதுதான் மதூரோ. புழுங்கப் புழுங்க இலையின் முரட்டுத்தனம் இறங்கும். கோக்கோவும் வறுத்த காப்பிக்கொட்டையும் கருப்பட்டியும் நினைவுக்கு வருகிற ஓர் இனிப்பு ஏறும். அவசரப்பட்டால் நிறம் மட்டும் கறுக்கும். மலிவான கறுத்த சுருட்டு எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் கேட்பது, இந்தக் கறுப்புக்காக யாராவது காத்திருந்தார்களா என்பதே.

*

பலெர்மோவில், வியா ஒரேத்தோ தெருவின் புகையிலைக் கடைகளில் சாதாரண ஆட்கள் கேட்டு வாங்குவது தொஸ்கானோ என்ற சுருட்டு. இதுவும் கறுப்பு, ஆனால் வேறு வழியில் வந்த கறுப்பு. கென்டக்கி வகை இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு, ஓக், பீச் விறகு எரித்து, வாரக்கணக்கில் புகை காட்டுகிறார்கள். பிறகு நனைத்துப் புழுங்க வைக்கிறார்கள். 1815 ஆகஸ்டில் ஃபுளோரன்ஸில் மழையில் நனைந்துபோன புகையிலையை வீணாக்க மனமில்லாமல் சுருட்டாக்கி ஏழைகளுக்கு விற்றதில் இது பிறந்தது என்று சொல்வார்கள். நடு பருத்து இரு முனையும் ஒடுங்கிய, கரடுமுரடான உருவம். உள்ளே நறுக்கிய இலை, மேலே ஒரு போர்வை இலை, அவ்வளவுதான்; கரீபியச் சுருட்டுகளைப் போல இடையில் இன்னொரு கட்டு இலை கிடையாது. அதை நடுவில் வெட்டி இரண்டாக்கிப் பிடிப்பது இங்கே வழக்கம்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல காலமாக இந்த ஊரில் இருக்கிற பெரியவர் ஒருவரிடம், பற்றவைக்காத அரைச் சுருட்டைக் கொடுத்தேன். மூக்கருகே வைத்து நெடுநேரம் பேசாமல் இருந்தார். “இது எங்கட குடில் மணம், தம்பி” என்றார். அங்கே குடிலில் வைத்துப் புகையிலைக்குப் புகை போடுவது தென்னம் பொச்சுமட்டையால். விறகு வேறு, கடல் வேறு, இலையின் இனமும் வேறு. ஆனாலும் தீயில் வாட்டிய இலைக்கு ஓர் உறவு உண்டு என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். பற்றவைக்காத சுருட்டை முகர்ந்து பார்க்கும் அந்த நேரத்தை நான் இப்போதெல்லாம் குறைப்பதில்லை. பாதி மதிப்பீடு அதிலேயே முடிந்துவிடுகிறது.

*

பொந்தே தெல்அம்மிராலியோ. சிசிலியின் இரண்டாம் ருஜேரோ மன்னனின் கடற்படைத் தளபதி, அந்தியோக்கியாவின் ஜோர்ஜ், 12ஆம் நூற்றாண்டில் ஒரேத்தோ ஆற்றின் மேல் கட்டிய பாலம். வெள்ளத்துக்குப் பயந்து ஆற்றைத் திசை திருப்பிவிட்டார்கள். இப்போது கூரிய வளைவுகளுக்குக் கீழே புல் வளர்கிறது. 1860 மே 27 விடியலில், இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்தியின் ஆட்கள் புர்போன் படையுடன் மோதி நகருக்குள் நுழைந்தது இந்தப் பாலத்தின் வழியாகத்தான். 1882இல் கரிபால்தி இறந்தார். நூறாண்டு கழித்து, 1982இல், அவர் பெயரில் ஒரு தொஸ்கானோ வந்தது. பெனவெந்தோப் பக்கத்து இலை, நிறம் சற்று வெளிறியது, இயந்திரத்தில் சுருட்டியது. அதை இந்த இடத்தருகே பிடித்துப் பார்ப்பதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு.

*

கரிபால்திச் சுருட்டின் முதல் இழுப்புகளில் விறகுப் புகையும் உப்பும். பிறகு தோல், காய்ந்த வைக்கோல், நாக்கின் ஓரத்தில் மிளகு. இனிப்பு வருகிறது, ஆனால் மதூரோவின் கருப்பட்டி இனிப்பல்ல. வறுத்த கொட்டைப் பருப்பை மென்றபின் தங்குகிற இனிப்பு. அதுவும் மெதுவாக இழுத்தால்தான். வேகமாக இழுத்தால் சுருட்டு சூடேறிக் கசக்கிறது, அந்தக் கசப்பு பிறகு போவதில்லை. குற்றம் இலையிலா இழுத்தவரிடமா என்று பிரித்தறியாமல் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

எரிவது சீராக இல்லை. போர்வை இலையில் நரம்பு தடித்த பக்கம் பின்தங்கும். அதைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிப் பிடித்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். நெருப்பு மறுபடி காட்ட வேண்டியதில்லை. இழுப்பு ஒரே பெட்டிக்குள்ளேயே மாறுகிறது: ஒன்று தாராளம், அடுத்தது இறுக்கம். இந்த விலையில் இதை நான் பொறுத்துக்கொள்வேன். அணைந்தபின் மறுபடி பற்றவைத்தாலும் சுவை கெடாதது இதன் பெரிய குணம். பல மடங்கு விலையுள்ள மதூரோக்கள் இதில் தோற்கின்றன. ஈரப்பெட்டியும் கேட்பதில்லை, சட்டைப் பையில் கிடக்கும்.

*

புகையை விழுங்குவதில்லை என்பதால் தீங்கில்லை என்று ஆகிவிடாது. வாயும் தொண்டையும் அதன் கணக்கைக் கொடுத்தே தீரும். நாள்தோறும் பிடிக்கும் பொருளாக இதை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

*

கரிபால்தி பிற்பகலுக்கு, வயிறு பாதி நிறைந்திருக்கும்போது. கறுத்த பழைய தொஸ்கானோ குளிர்கால இரவுக்கு, சாப்பாட்டுக்குப் பின், கசப்பான சிறு காப்பியுடன். இரண்டிலும் கடைசி மூன்றிலொரு பங்கு எனக்கு வேண்டாம். அங்கே தாரும் சூடும் மட்டும்தான். ஆனால் கறுத்ததில் அதற்குச் சற்று முன்னால், சில இழுப்புகளுக்கு மட்டும், உலர்ந்த அத்திப்பழம்போல ஒன்று வருகிறது. அதற்காகவே அடுத்த பெட்டியையும் அதிலேயே வாங்குவேன்.