அக்கரை நண்பருக்கு மூப்பர் எழுதும் கடிதம்

ஊரைவிட்டுப் போன ஒருவருக்கு அவருடைய பழைய பங்கின் முதிய குருவானவர் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார். அது மேய்ப்பரின் கடமையில் சேருமா, தனிமனிதரின் நட்பில் சேருமா? ஊர் ஊராக மக்கள் கப்பலேறிய இடங்களில் இது சில்லறைக் கேள்வியல்ல. அயர்லாந்து அப்படிப்பட்ட இடம். இலங்கையின் மலையகமும் அப்படித்தான்.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதற்குக் குறையாத தொகையினர் நாட்டைவிட்டே போனார்கள். அமெரிக்காவுக்குப் புறப்படுபவரின் வீட்டில் முந்தைய இரவு இழவு வீடு போலவே விழித்திருப்பது அங்கே வழக்கமாயிற்று. யாருக்காக அழுகிறார்களோ அவர் உயிரோடு நடுவில் உட்கார்ந்திருப்பார். மலையகத்தில் 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. தலைமன்னார் நோக்கி அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்குத் தோட்டத்து மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னாரில் கப்பல், அக்கரையில் மண்டபம் முகாம், அப்புறம் பலருக்கு நீலகிரி. கூடலூரிலும் கோத்தகிரியிலும் தாயகம் திரும்பியோருக்காகவே 1968 முதல் தமிழக அரசு தேயிலை பயிரிட்டது. மலையகத்து அட்டனில் கொழுந்து பறித்த கை அங்கும் கொழுந்துதான் பறித்தது.

இரண்டு இடங்களிலும் போனவரைச் செத்தவராகவே எண்ணி அழுதார்கள். ஆனால் செத்தவர் கடிதம் போடுவதில்லை, இவர்கள் போட்டார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் போனவரை ஒருபோதும் செத்தவராக எண்ணியதில்லை. அட்டன் திருச்சிலுவை ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் கூடலூரில் கல்யாணம் செய்துகொண்டால், அந்தச் செய்தி அட்டனுக்கு எழுதப்பட வேண்டும். அவருடைய ஞானஸ்நானப் பதிவுக்குப் பக்கத்தில் அது குறிக்கப்பட வேண்டும். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும் 1983ஆம் ஆண்டுத் தொகுப்பும் இதைக் கேட்கின்றன. ஆகவே பங்குக்கும் அக்கரைக்கும் இடையே அலுவல் தொடர்பு எப்போதும் உண்டு. அதில் பாசம் இருக்க வேண்டுமென்று சட்டம் சொல்லவில்லை.

பாசமுள்ள கடிதத்துக்கோ வேறொரு வரம்பு. தூரத்திலுள்ள குருவிடம் கடிதம் வழியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புப் பெறலாம் என்ற கருத்தை 1602இல் எட்டாம் கிளமெந்து பாப்பரசர் காலத்தில் ரோம் தள்ளிவிட்டது. நற்கருணையோ நோயில்பூசுதலோ தபாலில் போகாது. கடல் தாண்டிய நண்பருக்காக ஒரு குருவானவர் செய்யக்கூடியவை ஜெபிப்பதும் நலம் விசாரிப்பதும் புத்தி சொல்வதும்தான். இவற்றை யாரும் யாருக்கும் செய்யலாம். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று ஒவ்வொருவருக்கும் படி வகுத்த தோட்ட உலகில் குருவானவருக்கும் உயரமான ஒரு நாற்காலி இருந்தது. கடிதத்தில் அந்த நாற்காலிக்கு வேலையில்லை. முதுமையில் அவர் எழுதுகிற கடிதத்தை நட்பு என்றே கொள்வதற்கு இதுவே வலுவான காரணம்.

அப்படியானால் அது பாரபட்சமல்லவா என்ற மறுப்பு உடனே எழும். ஒப்பாரிக் கோச்சியில் பங்கின் எத்தனையோ குடும்பங்கள் போயிருக்க, ஒருவருக்கு மட்டும் ஏன் எழுத வேண்டும்? டென்மார்க்கின் தத்துவ அறிஞர் கீர்க்ககார் 1847இல் வெளியிட்ட ‘அன்பின் செயல்கள்’ என்ற நூலில் இதைக் கடுமையாகவே கேட்கிறார்: அயலார் மேலுள்ள அன்பு ஆள் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை, நட்பு தேர்ந்தெடுக்கிறது, அதனால் அதில் தன்னலம் ஒளிந்திருக்கிறது. இடைக்கால இறையியலாளர் அக்குவினாஸ் இந்த அளவுக்குப் போகவில்லை. அன்பிலும் ஒரு வரிசையுண்டு, நெருங்கியவரைக் கூடுதலாக நேசிப்பது குற்றமாகாது என்பது அவர் நிலை. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ரீவோ மடத்து அதிபராயிருந்த ஏல்ரெட் இன்னும் ஒரு படி மேலே போய், நட்பையே கடவுளிடம் சேரும் வழிகளில் ஒன்றாக வைத்தார்.

ஆனால் இந்த வழக்குக்கு மிக நெருங்கிய சாட்சி புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. யோவான் மூன்றாம் நிருபம் ஒரு மூப்பர் காயு என்ற நண்பருக்கு எழுதிய சிறு கடிதம். வாழ்த்தியவுடன் அவர் வேண்டுவது காயுவின் உடல் நலத்தை. எழுத நிறைய இருந்தும் மையாலும் இறகாலும் எழுத விருப்பமில்லை, நேரில் பேசலாம் என்று முடிக்கிறார். அங்குள்ள நண்பர்களைப் பேர் பேராக வாழ்த்தச் சொல்கிறார். பேர் பேராக என்பதிலேயே கீர்க்ககாருக்குப் பாதிப் பதில் இருக்கிறது. ஒருவரை உண்மையாக அறிந்திருப்பதே மற்றவர்களையும் கூட்டமாகப் பார்க்காதிருக்கக் கற்றுத்தருகிறது.

அந்த மூப்பரைப் போல நேரில் போகலாம் என்ற நம்பிக்கை மலையகத்தில் எளிதாக இருக்கவில்லை. 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோனது. சந்திப்பு இல்லாமலே நட்பு நிற்குமா என்பதில் தமிழ் மரபுக்கு ஐயம் இருந்ததில்லை. சங்கப் புலவரான பாண்டி நாட்டுப் பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனை நேரில் காணாமலே பல ஆண்டு நட்புக் கொண்டிருந்தார். சோழன் உண்ணாமல் வடக்கிருந்த இடத்துக்கு வந்து, அங்கேயே தாமும் உயிர்விட்டார். வள்ளுவரும் பழக்கத்தைவிட ஒத்த உணர்ச்சியையே நட்புக்கு ஆதாரமாக்குகிறார்.

குருவானவர் இறந்தாலோ மாற்றலாகிப் போனாலோ பதிவேடு அடுத்த பங்குத்தந்தையிடம் போகிறது. கல்யாணச் செய்தி வந்தால் அவர் அதைக் குறித்தே ஆக வேண்டும். பழைய நண்பரின் கடிதம் வந்தால் பதில் போடும்படி எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. போட்டாலும் அது முதியவர் தொடங்கிய நட்பின் தொடர்ச்சியாகாது. புதிதாக ஒருவரைப் பழகிக்கொள்ளும் முயற்சியாகவே இருக்கும்.