இருட்டுப் பக்கத்தில் யாரைக் குடிவைப்பது?

ஓர் அறிவியல் புனைகதை எழுத உட்கார்ந்து, கதையை விட்டுவிட்டு மூன்று வாரமாகக் கோள்களைச் செய்துகொண்டிருந்தேன். எழுதாமல் இருக்க இது நல்ல சாக்கு என்று எனக்கே தெரியும். ஆனாலும் அதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

மாதிரிக்கு எடுத்துக்கொண்டது டிராப்பிஸ்ட்-1. சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் சின்ன, மங்கலான சிவப்பு நட்சத்திரம். அதைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதாக 2017இல் அறிவித்தார்கள். ஏழின் பாதைகளும் நம் புதனின் பாதைக்குள் அடங்கிவிடும். முதல் கோளுக்கு ஒரு வருடம் என்பது ஒன்றரை நாள். கடைசிக் கோளுக்கு ஏறக்குறைய 19 நாள். இவ்வளவு நெருக்கத்தில் சுற்றும் கோள், நிலா நமக்குக் காட்டுவதுபோல, தன் சூரியனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் தீராத பகல். மறுபக்கம் விடியாத இரவு. நடுவில் வளையம்போல ஓர் அந்திப் பகுதி.

இதை வைத்து ஒரு கோள் செய்தேன். அந்தி வளையத்தில் நகரம், வயல், ஆறு. ஆற்றுக்குத் தண்ணீர் வேண்டுமே? ஈரமெல்லாம் காற்றோடு இருட்டுப் பக்கம் போய் உறைந்துவிடும். ஆக, யாராவது அங்கே பனியை வெட்டி அனுப்பவேண்டும். வெட்டுகிறவர்களை அங்கேயே குடிவைத்தேன். தலைமுறை தலைமுறையாகச் சூரியனைப் பார்க்காத சனம். கதை தானாக வந்து விழுந்ததுபோல் இருந்தது.

நண்பனிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவன் ஒன்றுதான் கேட்டான்.

“பனி அங்க இருக்கு, சரி. ஆள ஏன் அங்க வெச்ச?”

“வேற வழி இல்லடா. அந்தக் கோள் அப்படி.”

“கோள் அப்படியா, நீ அப்படியா?”

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். பனி எங்கே உறையும் என்பதை மட்டும்தான் இயற்பியல் சொல்கிறது. மாதத்துக்கு ஒருவராக முறைவைத்துப் போகலாமா, ஆளுநரின் பிள்ளையும் போகவேண்டுமா என்பதெல்லாம் அதன் வேலையில்லை. அதை முடிவு செய்தது நான். முடிவு செய்துவிட்டு நட்சத்திரத்தின்மேல் பழியைப் போட்டேன்.

டாம் காட்வின் 1954இல் எழுதிய ‘தி கோல்ட் ஈக்குவேஷன்ஸ்’ கதையில், மருந்து கொண்டுபோகும் சின்ன விண்கலத்தில் ஒரு பெண் ஒளிந்துகொண்டு வருகிறாள். அவள் எடைக்கு எரிபொருள் போதாது. அவள் சாகத்தான் வேண்டும். கணக்குக்கு இரக்கம் கிடையாது என்பார்கள் அந்தக் கதையைக் கொண்டாடுகிறவர்கள். சரி, சொட்டுக்கூட மிச்சமில்லாமல் எரிபொருளை அளந்து ஊற்றியது யார்? புறப்படும் முன் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்காதது யார்? காட்வின் அவளைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்துக்கொண்டே இருந்தாராம். பத்திரிகை ஆசிரியர் கேம்பல் கதையைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தாராம். அப்படியானால் அவளைக் கொன்றது கணக்கு மட்டும் இல்லை.

என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். மேட்டில் துரை பங்களா, பள்ளத்தில் லயம். மழைக்காலத்தில் லயத்துக்குள் தண்ணீர் புகுந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார். “மழ பேஞ்சா தண்ணி பள்ளத்துக்குத்தானய்யா வரும்” என்று முடிப்பார். தண்ணீர் பள்ளத்துக்கு வருவது இயற்கை. லயத்தைப் பள்ளத்தில் கட்டியது ஒருவர் காகிதத்தில் போட்ட கோடு. இரண்டையும் ஒன்றாகவே பார்க்க அவர் பழகியிருந்தார். அவருடைய பேரன் நான், 40 ஒளியாண்டு தள்ளிப் போயும் அதே லயத்தைத்தான் கட்டியிருக்கிறேன். இந்த முறை கோடு போட்டவன் நான்.

அதற்காகப் புனைவுலகில் எல்லாரும் சுகமாக இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. அப்படி ஓர் உலகத்தில் எனக்கு எழுத ஒன்றுமிருக்காது. துன்பத்தை எழுதலாம். ஆனால் மனிதர் செய்ததை இயற்கை செய்ததாக எழுதினால், வாசிக்கிறவரும் தாத்தாவைப்போலச் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அறிவியல் புனைவில் இந்தப் பொய் சுலபமாக எடுபடும். கணக்கு சரியாக இருப்பதால் நியாயமும் சரி என்று தோன்றிவிடும்.

கோளை மாற்றவில்லை. பனிவெட்டும் சனம் இன்னும் இருட்டில்தான் இருக்கிறார்கள். நகரத்தின் பழைய பதிவேட்டில் மட்டும் ஓர் ஆணையைச் சேர்த்திருக்கிறேன்: அவர்களை அங்கே அனுப்பிய ஆணை. கீழே ஒரு கையெழுத்து இருக்கவேண்டும். யாருடையது என்று இன்னும் எழுதவில்லை.